வக்கீல் கடித்த விரல்

மார்ச் 4

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

போனில் கூப்பிட்டால் "ம்", "சரி" என்று இரண்டே வார்த்தையில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி விடுதிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

உன் செல்லக் கிளி, அந்த வக்கீல், நேற்று என் ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட்டது. உன் அப்பா வெளியூர் வண்டி ஓட்டப் போயிருந்தார். தண்ணீர்க் கிண்ணத்தை மாற்ற நான் கையை விட்டேன், அவ்வளவுதான். மூன்று தையல். ஊருக்கெல்லாம் தைக்கிற எனக்கே தையல் போட வைத்துவிட்டது, என்ன கொழுப்பு! பள்ளிச் சீருடை நாற்பது பாக்கி. ஊசியில் நூல் கோக்கக்கூட முடியவில்லை.

அப்பா பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டு வந்து, கையைப் பார்த்ததும் குதித்தார். "மாசக் கடைசிக்குள்ள இத பறவைக் கடையில கொடுத்துட்டுத்தான் மறுவேலை" என்கிறார். நான் சம்மதிக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா இருந்த வீட்டுக்கு நான் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நீ இங்கே வந்தால் அந்தக் கிளிக்காகத்தான் வருவாய். அது போனால் நீயும் வரமாட்டாய். அதனால் அது போகாது.

அப்பாவின் தோளில் ஏறிக் கொஞ்சுகிறது. என்னைக் கண்டால் மட்டும் சிலிர்த்துக்கொண்டு "போ! போ!" என்று கத்துகிறது. ஏன் என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

இப்படிக்கு,
கடிபட்டவள்


மார்ச் 11

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. தையல் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

வக்கீலுக்குப் புது ஆட்கள் ஆகாது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. சிரமமாக இருந்தால் கொடுத்துவிடுங்கள்.


மார்ச் 18

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

"கொடுத்துவிடுங்கள்" என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடியும் எழுதியிருக்கிறாய். அடித்த மனசைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

இங்கே நடக்கும் கூத்தைக் கேள். கழுத்தில் தொங்கும் அளவு டேப்பைப் பாம்பு என்று நினைக்கிறதோ என்று கழற்றி வைத்தேன். பலிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினேன், சுவரில் முட்டிக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் அப்பாவின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். ஒரு நிமிஷம் ஏமாந்தது. அப்புறம் மேல் பொத்தானைப் பிடுங்கிக் கீழே போட்டது. அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது. ஆனால் கெடு மட்டும் மாறவில்லை.

நானும் விடுவதாக இல்லை. தையல் மெஷினைக் கூண்டுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுவிட்டேன். அது "போ" என்றால் நான் "போகமாட்டேன்" என்கிறேன். நாள் முழுக்க இதே வழக்குதான்.

ஒன்று மட்டும் புரியவில்லை. என்னைக் கொத்திவிட்டு, தலையைச் சாய்த்து ஜன்னல் பக்கமே பார்க்கிறது. எதற்கோ காத்திருக்கிற மாதிரி.

இப்படிக்கு,
எதிர்க்கட்சி


மார்ச் 25

சித்திக்கு,

அது கடலைக்குக் காத்திருக்கிறது.

ஜன்னல் பக்கம் நான்தான் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் வந்த புதிதில், அது உங்களைக் கொத்தும்போதெல்லாம், நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு நிலக்கடலை கொடுப்பேன். "போ" என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அம்மா இருந்த இடத்தில் உங்களைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நேரே சொல்லத் தைரியம் இல்லாமல் அதன் வாயால் சொல்லவைத்தேன்.

இங்கே தினமும் காயத்துக்குக் கட்டுப் போடுகிறேன். மூன்று தையல் என்றால் எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியும். அப்படித் தெரிந்தும் போன கடிதத்தில் பொய் எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டட்டும். வக்கீலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.


ஏப்ரல் 22

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன நெஞ்சழுத்தமடி உனக்கு! இரண்டு நாள் மெஷின் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மெஷினில் உட்கார்ந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. தப்பாகத் தைத்ததைப் பிரித்துத் தைப்பது நான் தினமும் செய்கிற வேலைதானே? அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. கெடுவை மட்டும் ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

கடலை டப்பாவை என் வசம் எடுத்துக்கொண்டேன். அப்பாகூடக் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பு. கத்தினால் நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சும்மா இருந்தால் ஒரு கடலை. முதலில் கிண்ணத்தில் போட்டேன், பிறகு மர ஸ்கேலின் நுனியில் வைத்து நீட்டினேன். பத்தொன்பதாம் நாள் உள்ளங்கையில் வைத்தேன். கையை இழுக்கவில்லை. அது மெதுவாக எடுத்துக்கொண்டது. நேற்று ஸ்கேலில் ஏறி, கை வழியாகத் தோளுக்கு வந்து, டேப்பைப் பிடித்து இழுத்தது. இழுத்துவிட்டு, "போகமாட்டேன்" என்றது!

அப்பா சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வந்துவிட்டார். "சரியான வக்கீல்தான், கேஸ ஜெயிச்சிடுச்சே" என்றார். அதற்குப் பிறகு கடைப் பேச்சே இல்லை.

அடுத்த வாரம் நீ லீவில் வருவதாக அப்பா சொன்னார். ஒன்றை நினைவில் வைத்துக்கொள். அது உன்னைப் பார்த்து எட்டு மாதம் ஆகிவிட்டது. கடித்தாலும் கடிக்கும். வெடுக்கென்று கையை இழுக்காதே, நான் பக்கத்திலேயே நிற்பேன்.

உன்னைக் கடித்தால் நான் அதற்குக் கடலை கொடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
சித்தி