ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சு

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, உன் தங்கை மூன்று பேரும் கடவுள் கிருபையால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். உடம்பைப் பற்றி மட்டும்தான் இப்படி நிம்மதியாக எழுத முடிகிறது. மற்றதை போனில் பேச ஆரம்பித்தால் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைத்தாலும் மீதி உன் மேசை மேலேயே கிடக்கும், ஓடிப்போகாது.

முதலில் வீட்டு விஷயம். டிப்போவில் நேரக்காப்பாளர் அறையை மாடிக்கு மாற்றிவிட்டார்கள், அப்பா ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஏறி இறங்குகிறார், முட்டி வலி அதிகம். பேருந்து கீழே வருகிறது, அதைக் குறிக்கிறவன் மேலே உட்கார வேண்டுமாம், இப்படி யோசிக்கிறவர்களுக்குத்தான் பெரிய பதவி கிடைக்கிறது. குளியலறைக் குழாயை நானே வாஷர் வாங்கி மாற்றினேன், இப்போது சொட்டவில்லை. தங்கை மருந்துக்கடையில் அதே பில் போடும் வேலையில்தான் இருக்கிறாள், அவளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அதுதான் முக்கியம், ஆனால் அதற்கு முன்னால் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

போன வருஷ குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வு முடிவு வந்தபோது உன் எண் இல்லை. நான் ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடினேன், உனக்கு முந்தின எண் இருந்தது, இரண்டு தள்ளி இன்னொன்று இருந்தது, நடுவில் நீ மட்டும் இல்லை. அதற்கு முந்தின வருஷமும் இப்படியேதான். நீ பரீட்சை முடிந்து பேசும்போதெல்லாம் நன்றாகச் செய்ததாகத்தானே சொன்னாய், அப்படியானால் தப்பு திருத்துகிற இயந்திரத்தில்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவள்தான் நான், ஆனால் நீ விட்டுப்போன நோட்டுகளை எல்லாம் அடுப்படியில் வைத்துப் படித்திருக்கிறேன், குடிமகன் மனு கொடுத்தால் அரசு பதில் சொல்லியாக வேண்டும் என்று நீதான் பச்சை மையில் அடிக்கோடு போட்டிருக்கிறாய். அதை நம்பி, தேர்வாணையத்துக்கு, என் மகனின் விடைத்தாளை மறுபடி பார்க்க வேண்டும் என்று பதிவுத் தபாலில் ஒரு மனு அனுப்பினேன். உனக்குச் சொல்லவில்லை, மார்க் ஏறினால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

நாலு மாதம் கழித்து பதில் வந்தது. மேற்படி பதிவெண்ணுக்குரிய விண்ணப்பதாரர் தேர்வுக்கு வரவில்லை, எனவே விடைத்தாள் ஏதும் இல்லை. அவ்வளவுதான், கீழே ஒரு கையெழுத்து. எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாது. விடைத்தாளைத் தொலைத்துவிட்டு ஆளே வரவில்லை என்கிறார்களே, இவர்கள் நன்றாக இருப்பார்களா என்று ஒரு வாரம் புலம்பினேன். இரண்டாவது மனு எழுத உட்கார்ந்தேன். என்னிடம் சாட்சி இருந்ததே. ஒவ்வொரு வருஷமும் பரீட்சை முடிந்ததும் அப்பா போனில் உன்னிடம் எத்தனை மணிக்கு உள்ளே விட்டார்கள், எந்த இடம் என்று கேட்பார், நீ சொல்வாய், நான் பக்கத்தில் இருந்து நோட்டில் குறித்துக்கொள்வேன். அதைப் பார்த்து வரிசையாக எழுதினேன், என் மகன் ஒன்பது இருபதுக்கு அறைக்குள் சென்றான், ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தான், மேலே இருந்த மின்விசிறி ஓடவில்லை, மேற்பார்வையாளர் கண்ணாடி போட்ட பெண்மணி, வேண்டுமானால் அவரையே விசாரிக்கலாம் என்று.

எழுதி முடித்து உறையில் போடும்போது உன் தங்கை கடையிலிருந்து வந்தாள். வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இதை அனுப்பாதம்மா. அவங்க சொல்றதுதான் சரி" என்றாள். என்னடி சரி என்று கேட்டால், "அண்ணன் உள்ளயே போகலம்மா, ரெண்டு வருஷமா போகல" என்றாள். நான் முதலில் அவளைத்தான் திட்டினேன், கூடப் பிறந்தவன் மேல் இப்படிச் சொல்வாயா என்று. அப்புறம்தான் அவள் பொறுமையாக, கடைக்கு வருகிறவர்களுக்கு மாத்திரை வேளை சொல்வதுபோலச் சொன்னாள். மொத்தம் ஆறு முறைதான் எழுதலாம், ஹாலுக்குள் போய் உட்கார்ந்தால்தான் ஒரு முறை கணக்கில் ஏறும், வாசலோடு திரும்பிவிட்டால் முறை மிச்சம், உன் கூட்டாளிகள் நிறையப் பேர் இப்படிச் செய்கிறார்கள், நீ எதிரே டீக்கடையில் உட்கார்ந்து கேட்டை மூடுகிறவரை பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பிவிட்டாய். எல்லாம் அவளிடம் சொல்லியிருக்கிறாய், அம்மாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறாய்.

உள்ளேயே போகாதவனுக்கு மின்விசிறி ஓடினால் என்ன ஓடாவிட்டால் என்னடா? அந்தக் கண்ணாடி போட்ட பெண்மணி யார்? சும்மா ஒரு பொய் சொன்னால் போதாதா, அதற்குப் பெஞ்சு ஜன்னல் எல்லாம் போட்டு வீடு கட்ட வேண்டுமா? அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நான் ஒன்பதரைக்குப் பிரார்த்தனையில் உட்கார்ந்து நீ எழுதி முடிக்கிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தேன். காலி பெஞ்சுக்கு இந்த அம்மா மார்க் கேட்கிறாளே என்று கடவுளுக்கே சிரிப்பு வந்திருக்கும். அவரிடம் நான் இப்போது என்ன முகத்தோடு போய் நிற்பது, நீ சொல்.

போனில் கேட்டபோது, "அது தப்பு இல்லம்மா, தயாராகாம உள்ள போனா ஒரு முறை வீணாயிடும், அதைத்தான் மிச்சம் பிடிச்சேன்" என்றாய். மிச்சம் பிடிப்பதைப் பற்றி என்னிடம் சொல்கிறாயா? முப்பத்துமூன்று வருஷமாக இந்த வீட்டில் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். அரிசியை மிச்சம் பிடிக்கலாம், பாலை மிச்சம் பிடித்து என்ன பயன், விடிந்தால் திரிந்துபோகும். முதல் இரண்டு வருஷம் உள்ளே போய் எழுதியது போக உனக்கு முறை நாலு மிச்சம் இருக்கிறது, சரி. வயது எத்தனை மிச்சம்? இந்த வருஷத்தோடு வரம்பு முடிகிறது, அடுத்த வருஷம் விண்ணப்பமே உன் பிறந்த தேதியை ஏற்காது. அந்த நாலு முறையை யாருக்கு எழுதிவைக்கப் போகிறாய்? இதெல்லாம் தெரிந்தும், இந்தத் தடவை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டதற்கு "பார்க்கலாம்மா" என்கிறாய். பரீட்சைக்கு இன்னும் மூன்று ஞாயிறு கூட இல்லை, என்ன பார்க்கப்போகிறாய்?

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. வராத பேருந்தை வந்ததாகக் குறித்தால் அவர் வேலையே போய்விடும், அப்படிப்பட்டவரிடம் போய் நீ வராத பரீட்சையை நான் எப்படிச் சொல்வது. நான் சொல்லப்போவதில்லை. நீதான் சொல்ல வேண்டும், எப்போது என்று நான் நாள் குறிக்கவில்லை, ஆனால் இனிமேல் அவர் போனில் எந்த இடம் என்று கேட்டால் நான் நோட்டை எடுக்க மாட்டேன்.

இப்போது தங்கை விஷயம். அன்றைக்கு ஆத்திரத்தில் அவளிடம், எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாயே, நீயாவது எழுதியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை, சிரித்தாள். "அண்ணன் முடிக்கட்டும், அப்புறம் நீன்னு நீதானம்மா சொன்னே. நான் க்யூவுலதான் நிக்கிறேன். முன்னாடி நிக்கிற ஆளு கவுன்டருக்கும் போக மாட்டேங்கிறாரு, ஒதுங்கவும் மாட்டேங்கிறாரு" என்றாள். ஆமாம், நான்தான் சொன்னேன். ஒரே நேரத்தில் இரண்டு பேரை வெளியூரில் வைத்துப் படிக்கவைக்க நம்மால் முடியாது என்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன வார்த்தை, அதற்கப்புறம் ஒரு நாள்கூட அதை எடுத்துப் பார்க்கவில்லை. அவளும் நினைவுபடுத்தவில்லை, நீ ஊருக்கு வந்து விட்டுப்போகும் புத்தகத்தை எல்லாம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் பில் கட்டுக்கு அடியில் வைத்துப் படித்திருக்கிறாள். கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், "உங்க பொண்ணு மருந்து பேரை விட சட்டப்பிரிவைத்தான் வேகமா சொல்லுது" என்று. நீ உன் முறையைத்தான் மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த இரண்டு வருஷம் உன்னுடையது மட்டும் இல்லை. இதில் பாதிப் பழி எனக்கும் உண்டு, அதை நான் கடவுளிடம் சொல்லிக்கொள்கிறேன், உன் பாதியை நீ பார்த்துக்கொள்.

கடைசித் தேதி முடிய ஒரு நாள் இருக்கும்போது அவளையும் விண்ணப்பிக்கச் சொன்னேன், விண்ணப்பித்தாள். ஹால் டிக்கெட் வந்துவிட்டது. நம் ஊரில் மையம் இல்லை, நீ இருக்கும் நகரத்தில்தான் போட்டிருக்கிறார்கள். பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்கால ரயிலில் தனியாக வருகிறாள், நான் கூட வரவில்லை. நிலையத்துக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வா, அறையைப் பெருக்கி வை, கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நீ கீழே படு. சண்டை போடாதீர்கள், சத்தியத்தை மீறிவிட்டாயே என்று அவளைக் கேட்கிற வேலை வைத்துக்கொள்ளாதே.

உனக்குப் பயமாக இருந்தால் பயம் என்றே சொல், அதற்கு நான் கோபப்பட மாட்டேன். தேறாவிட்டாலும் கோபப்பட மாட்டேன், தேறாதவன் வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், வேறு வேலை தேடுவான், அதில் என்ன இருக்கிறது. எழுதாதவனை எங்கே உட்காரவைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை உனக்காக நான் கடவுளிடம் மார்க் கேட்கப்போவதில்லை, அதை அவளுக்குக் கேட்டுக்கொள்கிறேன். உனக்குக் கால் மட்டும்தான் கேட்பேன், பத்து படி ஏறி உள்ளே போகிற கால்.

கடவுள் உங்கள் இருவருக்கும் துணை இருக்கட்டும், மனத்தெளிவும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும். ஹால் டிக்கெட், அடையாள அட்டை, கறுப்பு மைப் பேனா இரண்டு, முந்தின ராத்திரியே எடுத்து வை. ஞாயிறு காலையில் இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். அவளுக்குப் போட்டிருக்கும் பள்ளிக்கூடம் ரயிலடிக்கு அந்தப் பக்கம், உன்னுடையது இந்தப் பக்கம். புது இடம், பொம்பளைப் பிள்ளை, வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்று அவள் பின்னாலேயே போய்விடாதே. அவள் வழி விசாரித்துப் போய்க்கொள்வாள். நீ உன் வாசலுக்குப் போ.

என்றும் உன் நன்மையே வேண்டும்,
அம்மா