திருநீறு பூசாத வருஷம்

மதினி,

மதுரையிலிருந்து வந்து குளித்தும் ஸ்பிரிட் வாடை போகவில்லை. படம் எடுக்கிற அம்மா பஞ்சை நனைத்து என் மாரைத் துடைத்துத் துடைத்து விட்ட வாடை. முதல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "என்னக்கா, மறுபடியும் திருநீறு பூசிட்டு வந்துட்டீகளா?" இல்லை என்றேன். பவுடராவது போட்டிருப்பீர்கள் என்றார். அதுவும் இல்லை. இருந்தாலும் துடைத்தார். திரும்பவும் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அமுக்கிப் படம் எடுத்தார். திரும்பவும் பார்த்தார். அதற்கப்புறம் அவர் சிரிக்கவும் இல்லை, என்னை அக்கா என்று கூப்பிடவும் இல்லை.

புள்ளிகள் இருக்கின்றன, மதினி. துடைத்தும் போகாத வெள்ளைப் புள்ளிகள். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், வயசானால் சிலருக்கு இப்படி வருவதுதான் என்று டாக்டர் சொன்னார். ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ் செக்கானூரணி தாண்டுவதற்குள் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பயம் என்று நினைக்காதீர்கள். பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. எனக்கு அலுத்துவிட்டது.

புற்று என்று ஒரு பக்கத்தை அறுத்தெடுத்து, கரண்ட் வைத்து, தோலெல்லாம் கருகி, சோறு கண்டாலே குமட்டிக் கிடந்த அந்த நாட்களில்கூட இவ்வளவு அலுக்கவில்லை. அப்போது முடிவு ஒன்று இருக்கிறது என்று நம்பினேன். ஆறின பிறகுதான் டாக்டர் மெதுவாகச் சொன்னார், மிச்சமிருக்கிற பக்கத்தை வருஷா வருஷம் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று. அந்த மிஷின் மதுரைக்கு வந்து அதிக நாள் ஆகாத நேரம். முதல் தடவை உள்ளே போனவளுக்கு அது என்ன செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை மேலே தூக்க வராது. அந்தக் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடி என்றார்கள். பலகை ஐஸ் மாதிரி இருந்தது. மேல் பலகை இறங்கி அமுக்கியதும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலிகூட இல்லை அது. புருஷன்கூட விளக்கை அணைத்துவிட்டுத் தொட்ட இடத்தை, யாரோ மாவு உருண்டையை மாதிரி இழுத்து வைத்து, அசையாதே என்கிறார்களே என்ற வெட்கம்.

வெளியே வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னீர்கள். "இத ஒரு ஆம்பளதான் கண்டுபுடிச்சிருப்பான். அவனுக்கு எதையாச்சும் இப்படி வச்சு அமுக்கணும், அப்பத் தெரியும்." பக்கத்தில் இருந்த பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த நானும் சிரித்தேன்.

அடுத்த வருஷம் நீங்கள்தான் ஒரு வழி சொன்னீர்கள். "பலகை எறங்குனதும் வலிய நினைக்காத. நம்ம பஸ்ஸ நினைச்சுக்க. சின்னமனூர்ல ஏறு. வீரபாண்டி, தேனி, ஆண்டிபட்டின்னு ஊரா சொல்லிட்டே வா. உசிலம்பட்டி வாரதுக்குள்ள விட்டுருவாக." ஆண்டிபட்டியிலேயே விட்டுவிட்டார்கள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள். ஆனாலும் எனக்கு வேண்டியது மருந்தல்ல, மனசு போய் நிற்க ஒரு இடம் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

அதற்கடுத்த வருஷம்தான் திருநீறு. விடியற்காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, என் ரவிக்கையை அவிழ்க்கச் சொல்லி, உள்ளங்கை நிறையத் திருநீறு எடுத்து மார் முழுக்கப் பூசினீர்கள். தழும்பு மேலேயும் பூசினீர்கள். "ஆத்தா பாத்துக்குவா, நீ வா." வியர்வையில் அது தோலோடு ஒட்டிக்கொண்டது. நானும் மறந்துவிட்டேன். படத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். டாக்டர் முகம் சுண்டிப் போய்விட்டது. வீட்டில் யாருக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது என்றுகூட யோசித்துவிட்டேன். படம் எடுக்கிற அம்மா பவுடர் போட்டீர்களா என்று கதவருகில் நின்று கேட்டது உங்கள் காதில் விழுந்தது. எழுந்து ஓடி வந்தீர்கள். "பவுடர் இல்ல தாயி, துன்னூறு. நான்தான் பூசிவிட்டேன்."

துடைத்து எடுத்ததும் படம் சுத்தமாக வந்தது. டாக்டர் சிரித்தார், நர்சுகள் சிரித்தார்கள், நான் சிரித்துச் சிரித்து இருமினேன். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. என் ஆபரேஷனுக்கு அழாத நீங்கள், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஆண்டிபட்டிக் கணவாய் வரைக்கும் அழுதீர்கள். "ஏங் கையாலயே ஒனக்கு நோயப் பூசி விட்டுட்டேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதீர்கள். கண்டக்டர் வந்து என்னம்மா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் என் மேல் பூசுவதை விட்டுவிட்டீர்கள். ஆனால் உங்கள் மார் மேல் பூசிக்கொண்டு வர ஆரம்பித்தீர்கள். "ஒனக்குப் பூசுனா மிசினு பாத்துரும். என்னைய எந்த மிசினு பாக்கப் போகுது? ஒனக்குள்ளத நான் பூசிக்கிட்டு வெளிய ஒக்காந்திருக்கேன்." வேண்டுதலை இப்படி ஒரு ஆள் மேலிருந்து இன்னொரு ஆள் மேல் மாற்றலாமா என்று கேட்டேன். ஆத்தாளுக்குத் தெரியாதா யாருக்கென்று, பேசாமல் வா என்றீர்கள்.

போன மாசியில் காலையில் மார் வலிக்கிறது என்றீர்கள், மத்தியானம் போய்விட்டீர்கள். துட்டிக்கு வந்தவர்கள் உங்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். போக வேண்டியவள் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாளே என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானே எனக்குள் சொல்லிக்கொண்டேன். உங்கள் மேல் எனக்குக் கோபம்கூட இருக்கிறது, மதினி. என்னை இத்தனை தடவை இழுத்துக்கொண்டு போய்ப் பிழைக்க வைத்துவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் போய்விட்டீர்கள்.

இன்று தனியாகத்தான் போனேன். பலகை இறங்கியபோது ஊர் ஊராகச் சொல்லிப் பார்த்தேன். வீரபாண்டியோடு நின்றுவிட்டது. அடுத்த ஊர் பெயர் வரவே இல்லை.

சாயங்காலம் அண்ணன் வந்தார். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து இரண்டு வீடு தள்ளித்தானே இருக்கிறேன், தினமும் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போவார். நாம் மதுரைக்குப் போகிற நாளெல்லாம் துணி எடுக்கப் போகிறோம் என்று நீங்கள் அவரிடம் சொல்லி வைத்தது நினைவிருக்கிறதா? ஆபரேஷனோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கிற மனுஷனை எதற்குக் கலக்க வேண்டும் என்பீர்கள். நானும் இன்று காலையில் அதையேதான் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

"துணி எடுத்தியா?"

"புடிச்ச மாதிரி ஒண்ணும் அமையலண்ணே."

அண்ணன் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "அவ இருக்கையிலயும் அமையல, இப்பவும் அமையல. இத்தன வருசத்துல ஒரு கெஜம் துணி வீடு வந்து சேரலையே ஆத்தா."

நீங்கள் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அண்ணன் முன்னால் அதுவரை மார் என்ற சொல்லை நான் சொன்னதே இல்லை. ஆபரேஷன் நடந்தபோதும் நம் வீட்டில் அதற்கு "அந்த எடம்" என்றுதானே பெயர். இன்று சொன்னேன். மார் என்று சொன்னேன், புள்ளி என்று சொன்னேன், வியாழக்கிழமை ஊசி என்று சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் போகவில்லை, அலுத்துப்போய்விட்டது என்றேன்.

தைரியமாக இரு என்று சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. "அலுக்கத்தான செய்யும்" என்றார். மடியிலிருந்த துண்டை இன்னொரு மடிப்பு மடித்துவிட்டு, "அவளும் அலுத்துப்போய்த்தான் வருவா. வந்ததும் கால நீட்டி ஒக்காந்துட்டு ஏங்கிட்ட ஒரு வார்த்த பேச மாட்டா. மறு வருசம் மறுபடி கெளம்பிருவா" என்றார்.

எனக்கு இது தெரியாது, மதினி. உங்களுக்கும் அலுக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அண்ணன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "வியாழக்கெழம நான் வாரேன். உள்ள என்ன செய்வாகன்னு எனக்குத் தெரிய வேணாம். அவ எங்கன ஒக்காந்திருப்பா, அத மட்டும் சொல்லு."

கதவுக்கு நேர் எதிரே உள்ள பெஞ்சு, சுவரோரம் என்று சொன்னேன். நான் கதவைத் திறந்ததும் முதலில் பார்க்கிற முகம் அங்கேதான் இருக்கும் என்றேன்.