வேர்க்காத சிலிண்டர்

அன்பு வாலுப் பெண்ணுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், எங்களைவிட வெயில் ரொம்பச் சுகமாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் விட்டதா என்று விவரமாக எழுது, போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஓகேப்பா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அம்மா பத்து மணிக்குள் சமையலை முடித்து அடுப்பங்கரைக் கதவைச் சாத்திவிடுகிறாள், அதற்குமேல் காபி என்று வாயெடுக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஏணியில் ஏறக்கூடாது என்று நீ போட்ட தடையை ஒரே ஒரு தடவை மீறினேன், ஏன் என்று முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒருத்தன் மணி அடித்தான். முப்பது வயதிருக்கும், இஸ்திரி போட்ட நீலச் சட்டை, தோளில் பை, கையில் சின்ன சிலிண்டர். கோடைக்கு இலவசமா செக் பண்றோம் சார், ஏசியைச் சும்மா பாத்துச் சொல்றேன் என்றான். முப்பத்தெட்டு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவன் வீட்டுக்கே வந்து சொல்கிறானே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. ஒன்றும் தெரியாத ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, நல்ல நேரத்துக்கு வந்தேப்பா என்று உள்ளே விட்டேன். அம்மா முறைத்தாள். திருடனே வந்தாலும் எந்தப் பூட்டை எப்படித் திறந்தே என்று கேட்டு நாற்காலி போடுகிற ஆள் நீங்க என்று அவள் சொல்வது உனக்குத் தெரியுமே. நானும் இல்லை என்று சொல்லமாட்டேன், ஒரு வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

ஏசியின் வெளிப்பெட்டி பால்கனிச் சுவரில் உயரத்தில் இருக்கிறதே, அவன் ஏற நானே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஏசி வால்வுக்குள் ஒரு சின்ன ஊசி இருக்கும், அழுத்தத்தை அளக்கிற கேஜின் குழாய் நுனியில் இருக்கிற முள் அதை அழுத்தினால் உஸ் என்று ஒரு சத்தம் வரும், அப்புறம்தான் கேஜில் அளவு காட்டும். இவன் குழாயை மாட்டினான், சத்தமே இல்லை. கேஸ் சுத்தமா காலி சார் என்றான், சாவு வீட்டில் சொல்கிற குரலில். அறைக்குள் அதே நேரம் ஜில்லென்று காற்று வந்துகொண்டிருந்தது, அதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. கேஸ் ஏற்றுகிறேன் என்று சிலிண்டரைத் திருகிவிட்டுப் பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தான். நிஜமாகவே கேஸ் இறங்கினால் சிலிண்டர் சில்லிட்டு வெளியே வேர்க்கும் மா. தடுமாறுகிற மாதிரி அதன்மேல் கை வைத்தேன், தெருவில் தூக்கிவந்த சூடு அப்படியே இருந்தது. கடைசியில் வேறொரு குழாயை மாட்டினான், உஸ் என்றது, அளவு ஏறியது, பாத்தீங்களா சார் என்றான். முள் இல்லாத குழாய் ஒன்று, முள் உள்ள குழாய் ஒன்று! எனக்குக் கைதட்டத் தோன்றியது. மெதுவாகக் கேட்டேன், அந்த முதல் குழாயில முள்ளை நீயே கழட்டினியா, இல்ல அப்படியே விக்கிறாங்களா என்று. என்னை ஒரு பார்வை பார்த்தான், இளித்தான், பையைத் தூக்கிக்கொண்டு காசு கேட்காமல் வெளியே போய்விட்டான். சாயங்காலம் வரைக்கும் அம்மாவிடம் இதையே சொல்லிப் பெருமையடித்தேன்.

மறுநாள் காலையில் மாடி வீட்டுத் தையல்காரப் பெண் வந்தாள், தோளில் அவளுடைய மூன்று மாதக் குழந்தை. நேத்து உங்க வீட்டுல வேலை பாத்தாரே, அவர் நம்பர் இருக்கா சார், அப்புறம் எங்க வீட்டுக்கு வந்து ஏசியில போர்டு போயிடுச்சுன்னு கழட்டி எடுத்துட்டுப் போனார், சாயங்காலம் மாட்டித் தரேன்னார், ஆளைக் காணோம் என்றாள். எப்படிம்மா நம்பினே என்று கேட்டேன். நீங்களே ஏணி பிடிச்சீங்களே சார், மேலேருந்து பாத்தேன் என்றாள். குழந்தைக்குக் கழுத்து முதுகெல்லாம் வேர்க்குரு, அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. பழைய கூட்டாளி கடையில் தேடி அதே மாதிரி போர்டு ஒன்றை வாங்கிவந்து, நானே ஏறி மாட்டினேன். குழந்தை கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டது. கடவுள் மாதிரி வந்தீங்க சார் என்று அவள் கும்பிட்டாள், என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாடிக்குப் போய் உள்ளதைச் சொன்னேன், அவன் ஃபிராடு என்று எனக்கு அப்போதே தெரியும், வேடிக்கை பார்க்கிற ஆசையில் சும்மா விட்டுவிட்டேன் என்று. தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். தெரிஞ்சவுடனே ஒரு சத்தம் போட்டிருக்கலாமே சார் என்றாள், அவ்வளவுதான், குனிந்து மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். வெட்கமாக இருக்கிறது மா. அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தேன், மாடிப்படிச் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். உனக்கும் சொல்கிறேன், ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை, குறைந்தது என்றால் எங்கேயோ கசிகிறது, எங்கே என்று காட்டச் சொல். நீ கூப்பிடாமல் வருகிறவனை வாசலோடு அனுப்பு, எந்தச் சாமானையும் கழற்றி எடுத்துப்போக விடாதே.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய், கோடை லீவுக்குப் பாதி விலையில் கடற்கரை விடுதி என்று உங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் மெசேஜ் வந்தது, பார்த்ததுமே பொய் என்று புரிந்து அழித்துவிட்டேன் என்று. இருவரும் சேர்ந்து சிரித்தோம். மற்றவர்களிடம் சொன்னாயா என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சொல்லியிருக்காவிட்டால் இப்போதே இதை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்ச் சொல். என் ஆசீர்வாதம் கடிதத்தின் அடியில்தான் இருக்கிறது, ஓடிப்போகாது, வந்து படி.

நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இரு மா.

இப்படிக்கு,
உன் அப்பா