பூட்டி அனுப்பிய திருவிழா மலர்

சனிக்கிழமை, இரவு.

ஜெரோம் என் இடத்தைப் பிடிப்பான் என்று அவன் எங்கள் தேவாலயப் பங்கில் சேர்ந்த அன்றே சொன்னேன்.

திருவிழா மலரை அச்சகத்துக்கு அனுப்புவது எப்போதும் நான்தான். இன்றும் சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் என் வீட்டுக் கணினியிலிருந்தே இணையம் வழியாகப் பங்கு அலுவலகக் கணினியைத் திறந்து, மலரை டெஸ்க்டாப்பில் சேமித்தேன். இணைப்பை மூடியதும் என் கணினியில் காணவில்லை! ஜெரோமுக்குப் போன் போட்டேன்.

"அங்கிள், நீங்க வச்சது ஆபீஸ் டெஸ்க்டாப்ல லா! வீட்டுக்கு வரவே இல்ல. அதுல பங்குக் குடும்பங்க போன் நம்பரெல்லாம் இருக்கு, நான் ஃபைலைப் பூட்டி அனுப்புறேன்."

ஃபைலைத் தனியாக அனுப்பினான். பாஸ்வர்டை அச்சகத்துக்குப் போனில் சொன்னான். இதைக் கேட்ட பங்கு ஃபாதருக்கு ஒரே பூரிப்பு. "இனிமே ஜெரோம் பாத்துக்கட்டும். நீங்க ரெஸ்ட் எடுங்க."

எனக்கா ரெஸ்ட்?

என் மனைவி மேரியும், "கெட்டிக்காரப் பையன்ங்க" என்றாள்.

"பூட்டி அனுப்பக் கத்துக்குடுத்ததே நான்தான்."

"அப்படியா! நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஃபாதர்கிட்டயே சொல்றேன்."

சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். ஃபைலைப் பூட்ட முடியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். நாளைக்கு ஜெரோமும் பூசைக்கு வருவான்.