ஒன்பது பாட்டுக்கும் டிரம்ஸ் மட்டும்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? துறைமுகத்தில் கிரேன் மேல் ஏறும்போது இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொள்கிறீர்களா? இதை நான் எழுத வேண்டும் என்று அம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் காகிதத்தை எடுத்து வைத்ததும், "முதுகு ரொம்ப முக்கியம்" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஒன்பதாம் வகுப்பில் பள்ளி நூலகப் பொறுப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. மதிய இடைவேளையில் சாவி என்னிடம்தான். ஒரு பிழை திருத்தப் புத்தகம்கூடப் படித்து முடித்துவிட்டேன். "அதைப் போய் யாராவது கதைப் புத்தகம் மாதிரி படிப்பாங்களா" என்று அம்மா சிரித்தாள். இந்த மாதத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

ஐந்து வாரமாக நீங்கள் போனை எடுப்பதில்லை. "வேலை அதிகம், நலம்" என்று அம்மாவுக்குச் செய்தி மட்டும் வருகிறது. உங்கள் இசைக்குழுவைப் பற்றிய படம் வெளியானதும் ஐந்து வாரத்துக்கு முன்புதான் என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒலிநாடாவைப் படம் எடுத்தவர்களுக்குக் கொடுத்தது நான்தான். கிட்டார் சித்தப்பா கொடுத்திருப்பார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். அவர் பாவம்.

ஆவணப்படம் எடுத்த அக்கா இரண்டாம் முறை வீட்டுக்கு வந்தபோது அம்மா கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போயிருந்தாள். குழுவின் பழைய பொருள் ஏதாவது இருக்கிறதா என்று அக்கா கேட்டார். பீரோ மேலிருந்த பெட்டியை நாற்காலி போட்டு நானே இறக்கினேன். நாற்பத்தொரு கேசட், ஒவ்வொன்றிலும் உங்கள் கையெழுத்தில் தேதி. நான் அவற்றைத் தேதி வாரியாக அடுக்கிப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். "உன்ன மாதிரி ஒரு ஆள் எங்க ஆபீஸ்ல இல்லம்மா" என்று அவர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்களைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேனா என்றால், அதுவும் இல்லை.

படத்தை அம்மாவும் நானும் தியேட்டரில் பார்த்தோம். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். முதல் ஒரு மணி நேரம் எனக்குத் தரையில் கால் படவில்லை. டயர் கடைக்கு மேலே இருந்த ஒத்திகை அறை, சுவரில் ஆணியடித்த முட்டை அட்டைகள், வேனைத் தள்ளிக்கொண்டு போகும் நீங்கள் நால்வரும், பிறகு மைதானம் நிறைய ஆட்கள். உங்களுக்குத் தலைமுடி தோள்வரை இருந்தது. பாடகர் மாமாவை ஏன் எல்லோரும் குருவி என்று கூப்பிட்டார்கள் என்றும் புரிந்தது. அந்த ஒல்லி உடம்புக்குள்ளிருந்து அவ்வளவு பெரிய குரல் வருகிறது. கிட்டார் சித்தப்பா அறைக்குள் உட்கார்ந்து பேசும்போதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. "வெயில் வீட்டுக்குள்ள வரைக்கும் வந்துடுச்சு போல" என்று அம்மா என் காதில் சொன்னாள்.

பிறகு குருவி மாமா மாத்திரைகளுக்கு அடிமையானது வந்தது. மேடைக்கு வராமல் போனது, பாதிப் பாட்டில் வரிகளை மறந்து நின்றது, கூட்டம் பாட்டில்களை எறிந்தது எல்லாம் வந்தது. அதற்குப் பிறகு திரை முழுக்க இருட்டு. உங்கள் குரல் மட்டும் கேட்டது. "நீ இல்லன்னாலும் பாட்டு நடக்கும். போடா." கதவு சாத்தும் சத்தம். திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: 'அதன் பின் டிரம்மர் அந்த அறைக்குத் திரும்பவில்லை. பத்தொன்பதாம் நாள் பாடகர் ஒரு விடுதி அறையில் இறந்துகிடந்தார்.'

எங்களுக்குப் பின்வரிசையில் ஒரு பெண், "அந்த ஆளு அன்னிக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்று யாரிடமோ சொன்னாள். அம்மா திரும்பவில்லை. மடியில் சோளப்பொரிப் பொட்டலம் பிரிக்காமலே இருந்தது. கடைசியில் நன்றிப் பட்டியலில் என் பெயரும் ஓடியது. அதைப் பார்ப்பதற்காக அதற்கு முந்தின வாரம் முழுவதும் காத்திருந்தவள் நான். அந்த நேரத்தில் குனிந்து செருப்பைத் தேடினேன்.

மறுநாள் வகுப்பில் ஒருத்தி, "அது உங்கப்பாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அக்கா கேசட்டுகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தபோது அந்தச் சண்டை பதிவான ஒன்றை மட்டும் எடுத்தேன். நீங்கள் பேசியதை வெட்டி ஒட்டியிருப்பார்களோ என்று எனக்கு ஒரு நப்பாசை. அவசரத்தில் பக்கம் மாற்றிப் போட்டுவிட்டேன்.

உங்கள் குழுவில் மறுபக்கத்தில் பதிவு செய்யவே மாட்டீர்களாமே. ஒரு தடவை மறுபக்கம் பதியும்போது இயந்திரம் நாடாவைத் தின்று, முதல் பக்கத்தில் இருந்த நல்ல பாட்டும் போய்விட்டது என்றும், அன்றிலிருந்து அதைத் தொடக்கூடாது என்று குருவி மாமா சத்தியம் வாங்கினார் என்றும் கிட்டார் சித்தப்பா படத்திலேயே சொல்கிறார். அதனால்தான் அவர் அக்காவிடம், "அந்தப் பக்கத்துல வெறும் காத்துதான் இருக்கும், போட்டுப் பாத்து நேரத்த வீணாக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறார். அக்காவும் நம்பிவிட்டார்.

காற்று இல்லை, அப்பா. முதலில் நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே கடையில் யாரோ இரும்பைத் தட்டுகிறார்கள். பிறகு குச்சிகளை நான்கு முறை தட்டிவிட்டு நீங்கள் ஆரம்பித்தீர்கள். கிட்டார் இல்லை, குரல் இல்லை. எந்தப் பாட்டு என்றே முதலில் எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது பாட்டில்தான் பிடிபட்டது. கச்சேரியில் வாசிக்கும் அதே ஒன்பது பாட்டு, அதே வரிசையில். நான்காவது பாட்டில் எல்லாக் கருவிகளும் நின்று மாமா மட்டும் எட்டு வரி பாடுவாரே, அங்கே நீங்களும் நிறுத்திவிட்டீர்கள். நாடா ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது. நான் அந்த எட்டு வரியையும் மெதுவாகப் பாடிப் பார்த்தேன். என் கடைசிச் சொல் முடிந்த இடத்தில் நீங்கள் சரியாக உள்ளே வந்தீர்கள். ஐந்தாவது முடிந்ததும், "மூச்சு வாங்கிக்கடா" என்று சொன்னீர்கள். அறையில் வேறு யாரும் இல்லை.

ஏழாவது பாட்டுக்கு முன்னால் கதவு திறக்கிறது. டயர் கடைக்காரர் குரல் என்று நினைக்கிறேன். "நாலு நாளா தனியா போட்டு இடிச்சிக்கிட்டு இருக்கியே, அவன் போனவன் போனவன்தான், பூட்டிட்டு வீட்டுக்குப் போப்பா" என்கிறார். அதற்கு நீங்கள், "வருவான்ணே. வர்றப்ப பூட்டியிருந்தா அப்படியே திரும்பிப் போயிடுவான். ரோஷக்காரன்" என்கிறீர்கள். பிறகு மறுபடியும் நான்கு தட்டு.

அம்மா மாடியிலிருந்து வந்ததும் போட்டுக் காட்டினேன். கையிலிருந்த வாளியைக் கீழே வைக்காமலே நின்று கேட்டாள். டயர் கடைக்காரர் பேசும் இடத்தை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னாள். "அந்த வாரம் பூரா ஓவர்டைம்னு சொல்லிட்டுப் போனாரு. நானும் கோவத்துல சாப்பாட்ட மூடி வெச்சிட்டுத் தூங்கிட்டேன்" என்றாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் உள்ளேயே இருந்தாள்.

இந்த மாதக் கடைசியில் படம் தொலைக்காட்சிக்குப் போகிறது. அதுவரை திருத்தம் செய்யலாம் என்று அக்கா சொன்னார். ஏன் கேட்கிறாய் என்று கேட்டதற்குப் பொது அறிவுக்காக என்று சொல்லிச் சமாளித்தேன். நாடாவைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த வெள்ளை எழுத்து வரி பொய் என்று ஊருக்கெல்லாம் கத்த வேண்டும் போல இருக்கிறது எனக்கு. ஆனால் நீங்கள் பன்னிரண்டு வருடமாக யாரிடமும், அம்மாவிடம்கூட, சொல்லாத ஒன்றை நான் எடுத்துக் கொடுக்கலாமா என்று தெரியவில்லை. ஒரு முறை உங்களைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன். இந்த முறை கேட்கிறேன். கொடுக்கட்டுமா, அப்பா?

வேண்டாம் என்றால் வேண்டாம். பெட்டியிலேயே வைத்துவிடுவேன், யாருக்கும் தெரியாது. காரணம் கேட்க மாட்டேன். நான் செய்ததற்கு நீங்கள் திட்டினாலும் கேட்டுக்கொள்வேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் கடை விடுமுறை. காலையிலிருந்து இருவரும் வீட்டில்தான் இருப்போம். ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள். பேச வரவில்லை என்றால் பேச வேண்டாம். நீங்கள் அந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும். எவ்வளவு நேரமானாலும் நாங்களாக வைக்க மாட்டோம்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் மகள்