மெதுவான கை

குளித்து வேறு சேலை மாற்றிவிட்டேன். ஆனாலும் தலைமுடியில் அந்த வாடை இருக்கிறது. பல் செட்டுக்கான ரப்பரை வேகவைக்கும்போது எழுகிற கந்தக நாற்றம். இரண்டு வருஷம் அதைச் சுவாசித்துக்கொண்டுதான் நாம் இருவரும் ஆஸ்பத்திரியில் அந்த வேலையைப் படித்தோம். மத்தியானத்திலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துவிட்டு, கடைசியில் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் இரண்டு வருஷமாகிறது. வேறு யாருக்கு எழுதுவேன்?

சைகோனிலிருந்து விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன். நமக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்காரப் பல் வைத்தியர், நம் தொக்தர், ஆள் அனுப்பியிருந்தார். இந்த வருஷம் படிப்பை முடிக்கிற ஏழு பேரிடம் சைகோன் வேலையைப் பற்றி நான் பேச வேண்டுமாம். போனேன். நாம் படித்த அந்த அறைக்குள் கால் வைத்ததும் நம் பரீட்சை நாள் கண் முன்னால் வந்துவிட்டது.

ஆளுக்கொரு நோயாளி. பல்லே இல்லாத வாய்க்கு மேல்வரிசைப் பல் செட்டு ஒன்று செய்து, அன்றைக்கு மாட்டிக் காட்ட வேண்டும். உனக்கு வந்தது வீராம்பட்டினத்து மீன்காரம்மா. எனக்கு வந்தது ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். என் செட்டு பளபளவென்று இருந்தது. வாத்தியார் கூச்ச சுபாவம்; "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். உன் மீன்காரம்மாவுக்கு என்ன கூச்சம்? "கடிச்சா குத்துது தாயி" என்று உரக்கச் சொன்னாள்.

"எங்க குத்துது? விரல வச்சிக் காட்டு" என்றாய் நீ. அரத்தை எடுத்து ராவினாய். மாட்டினாய். கழற்றினாய். மறுபடியும் ராவினாய்.

தொக்தர் மணியைப் பார்த்து, நேரம் முடிந்தது என்றார்.

"இப்படியே அனுப்புனா வாய் புண்ணாயிடும் முசியே. இன்னும் கொஞ்சம்தான்."

அவர் சொன்னதை நீ கேட்கவில்லை. மீன்காரம்மா வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு போனாள். தொக்தர் உன் தாளில் ‘கை மெதுவு’ என்று எழுதி உன்னைத் தேறவிடாமல் செய்துவிட்டார். நான் முதலாவதாகத் தேறினேன். சைகோன் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே இடமும் எனக்கு வந்தது. அங்கே என் பெரியப்பா குடும்பம் இருந்ததால் வீட்டில் தடை சொல்லவில்லை. நீ முத்தியால்பேட்டையில் தனியாகத் தொழில் செய்த ஒரு பல் வைத்தியரிடம் கூலிக்குச் சேர்ந்தாய்.

பத்தாம் நாள் அந்த வாத்தியார் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கைக்குட்டையில் செட்டு. ஈறெல்லாம் புண். கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை என்றார், அதையும் ஏதோ தன் தப்பு போலச் சொன்னார். தொக்தர் பார்த்தால் என் இடம் போய்விடும். அவரை அழைத்துக்கொண்டு நேராக உன்னிடம்தான் ஓடிவந்தேன்.

நீ ஒன்றும் கேட்கவில்லை. "குடு" என்று கையை நீட்டினாய். மூன்று நாள் அவரை வரவழைத்து, வலிக்காமல் முறுக்கு கடிக்கிற அளவுக்குச் சரிசெய்து கொடுத்தாய்.

"யாருகிட்டயும் சொல்லிடாதடி" என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன். சொல்லணும்னு உனக்குத் தோணுனா நீ சொல்லு."

தோன்றியது. தினமும் தோன்றியது. சொல்லாமலே கப்பல் ஏறினேன்.

அடுத்த வருஷம் மறுபரீட்சைக்கு எழுதிக் கேட்டாய். மெதுவான கைக்கு இங்கே வேலையில்லை என்று திருப்பிவிட்டார்கள். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. "இந்தத் தடவையும் கூப்பிடல. போகட்டும். அங்க புதுசா என்ன கத்துக்கிட்ட, எழுது" என்று சைகோனுக்கு எழுதினாய். நான் சந்தையைப் பற்றியும் கோயில் பூசையைப் பற்றியும் நாலு பக்கம் எழுதினேன். கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. தொக்தருக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அதையும் எழுதவில்லை. அந்த மழைக்காலத்தில்தான் உனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. சேதி வந்து சேர்வதற்குள் உன் நாற்பதாம் நாள் பூசையே முடிந்திருந்தது.

இன்றைக்கு அந்த ஏழு பேர் முன்னால் சம்பளம், கப்பல், தங்குமிடம் என்றுதான் ஆரம்பித்தேன். நடுவில் நின்றுவிட்டேன். பிறகு உன் பெயரைச் சொன்னேன். பரீட்சையைச் சொன்னேன். வாத்தியாரின் புண்ணைச் சொன்னேன். என் வேலை எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். தொக்தர் முகம் சிவந்து, "அதெல்லாம் பழைய கதை, மத்மசேல்" என்றார்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "அவங்க இப்ப எங்க வேலை செய்றாங்கக்கா?"

"இறந்துட்டாங்க."

அவள் உட்காரவில்லை. "அதுக்கு முன்னாடியாச்சும் தேர்ச்சிப் பத்திரம் குடுத்தாங்களா?"

"இல்லம்மா."

அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அதில் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

சொல்லிவிட்டால் மனசு அடங்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அடங்கவில்லை. அடுத்த மாதம் கப்பல் ஏறும்போதும் இது என் கூடவேதான் வரும். வரட்டும்.