காட்டுமன்னார்கோவில் பஸ்ஸை விட்டவனுக்கு

மச்சான்,

நேற்றைய மழையில் ஜன்னலோரம் கிடந்த அட்டைப் புத்தகம் ஊறிவிட்டது. மின்விசிறிக்கு அடியில் விரித்து வைத்திருக்கிறேன். பசையும் ஈர அட்டையும் கலந்த வாடை வீடு முழுக்கச் சுற்றுகிறது. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து போய்ப் பக்கங்களைத் தொட்டுப் பார்க்கிறேன், வருகிறேன், மறுபடி போகிறேன். நீ சிதம்பரத்திலிருந்து வாங்கி வந்த புத்தகம்.

எங்கள் மூத்தவள் ஆதிரைக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வராமலிருந்த காலம் அது. "காது நல்லா கேக்குது. போனைக் கையில குடுக்காதீங்க. மடியில வெச்சுப் புத்தகம் படிச்சுக் காட்டுங்க" என்று டாக்டர் சொன்னார். நான் அன்றைக்கே இங்கே மஞ்சக்குப்பம் கடைத்தெருவில் ஓர் அகரவரிசை சார்ட் வாங்கிச் சுவரில் ஒட்டினேன். "அ சொல்லு. அம்மா சொல்லு." சார்ட் பக்கம் கூப்பிட்டாலே அவள் உன் அக்காவின் புடவைக்குள் போய் ஒளிந்துகொள்வாள்.

சிதம்பரம் மேல வீதி ஜவுளிக்கடையில் வேலை செய்த உனக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. காலையிலேயே பஸ் ஏறி வந்துவிடுவாய். அப்படி ஒரு நாள் இந்தப் புத்தகத்தோடு வந்து, அவளை மடியில் உட்கார வைத்து அவள் கையிலேயே கொடுத்தாய். அவள் நான்கைந்து பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினாள்.

"முதல் பக்கமே முடியலையே மச்சான்" என்றேன்.

"அவ எங்க நிக்கிறாளோ அங்க படிப்போம், விடுங்க மாமா."

அவள் நின்றது ஓர் எருமைப் படத்தில். முதுகில் காக்கா. எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டியபடி படிப்பாய். "எருமை மேல காக்கா. காக்கா என்ன சொல்லிச்சு?" பிறகு வாயை மூடிக்கொள்வாய். அந்த மௌனம் எனக்கு ஆகாது. சிப்காட் தொழிற்சாலையில் என் வேலையே மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். முள் கொஞ்சம் ஏறினாலே கை வால்வுக்குப் போய்விடும். அடுப்படியிலிருந்து நானே "கா கா" என்று கத்திவிடுவேன்.

"நீங்க ஏன் மாமா முந்திக்கிறீங்க? அது அவளோட இடம்."

வாரம் வாரம் அதே எருமை. அவள் உன் வாயையே பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். எனக்குள் ஏதோ பிறாண்டும். வெளியே போய் நிற்பேன்.

ஒரு செவ்வாய் மாலை உன்னை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். நீ படியில் கால் வைத்துவிட்டாய். ஆதிரை என் தோளிலிருந்து எக்கி, பஸ்ஸின் நெற்றியைக் காட்டி, "காக்கா" என்றாள். நான் மேலே பறவையைத் தேடினேன். நீதான் பார்த்தாய். சிதம்பரம் வழியாகப் போகிற பஸ். பலகையில் காட்டுமன்னார்கோவில், அதன் முதலெழுத்து 'கா'.

"படிக்கிறா மாமா! பேச்சு கெடக்குது, படிக்கிறா!"

கீழே குதித்தாய். கண்டக்டர் திட்டிவிட்டு விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. அங்கிருந்த பஸ் ஒவ்வொன்றின் முன்னாலும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாய்.

அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல். "மாத்திரை போட்டா சரியாப்பூடும் மாமா" என்று போனில் சொன்னாய். வாரம் முடிவதற்குள் நீ இல்லை.

சிதம்பரத்தில் உன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது, ஆதிரை பையிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து முதன்முறையாகத் தானே என் மடியில் உட்கார்ந்தாள். எருமைப் பக்கத்தைத் திறந்தாள். "படி" என்றாள்.

"இந்த நேரத்துல என்னா புஸ்தகம்? வாங்கி வையிப்பா" என்றது ஒரு குரல்.

உன் தலைமாட்டில் இருந்த உன் அக்கா நிமிர்ந்தாள். "படிங்க. அவனும் கேக்கட்டும்."

படித்தேன். காக்கா என்ன சொல்லிச்சு என்பதோடு நின்றுவிட்டேன். நான் அவளுக்காக நிறுத்தவில்லை, மச்சான். குரல்தான் வரவில்லை. அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக, "கா" என்றாள்.

ஆதிரை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கடைப் பலகை ஒன்றையும் விடுவதில்லை. அவள் தம்பிக்கு ஒன்றரை வயதாகிறது. எதிர்வீட்டுப் பிள்ளை ஏ பி சி டி முழுக்கச் சொல்கிறதாம். கேட்டதிலிருந்து எனக்கு மறுபடியும் அந்தப் பிறாண்டல். இன்று காலை அவனை மடியில் வைத்து வேறொரு புத்தகத்தில் ஒரு வரி படித்து, கேள்வி கேட்டு, நிறுத்தினேன். பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் என் வாயைப் பார்த்தான். புத்தகத்தை மூடிவிட்டு இறங்கி, பந்தை உருட்டப் போய்விட்டான்.

நான் அவனைக் கூப்பிடவில்லை. அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, காலை ஆட்டியபடி, உட்கார்ந்தே இருந்தேன்.